உறையூர்ச் சுருட்டும் புகைத்தவர் கணக்கும்

உறையூர் சுருட்டுக்குப் பெயர் பெற்றது அதன் நெடிய வரலாற்றின் கடைசிப் பகுதியில்தான். முற்காலச் சோழரின் தலைநகராக இருந்தபோது அந்த ஊருக்குப் புகழ் தேடித் தந்தது மெல்லிய பருத்தித் துணி. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பில் வரும் துணிச்சந்தை ஒன்றை ஆய்வாளர்கள் உறையூராகவே கொள்கிறார்கள். தறி அங்கே இரண்டாயிரம் ஆண்டுத் தொழில். புகையிலையோ அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த செடி. 1604-05இல் பிஜாப்பூரிலிருந்து திரும்பிய முகலாயத் தூதர் அசத் பேக் அதை அக்பரின் அரசவையில் புதுமைப் பொருளாகக் காட்டினார் என்றால், தென்னாட்டுத் துறைமுகங்களை ஒட்டிய ஊர்களுக்கு அது அதற்குச் சற்று முன்பே வந்திருக்க வேண்டும். பிறகு பரவிய வேகம் பெரிது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பி ஒரு சிற்றிலக்கியமே பாடிவிட்டார். உ.வே. சாமிநாதையர் தேடிப் பதிப்பித்த நூல்களில் அந்தப் 'புகையிலை விடு தூது'ம் ஒன்று.

உறையூரில் புகையிலை விளைந்ததில்லை. காவிரிக் கரையின் நன்செய் நெல்லுக்கும் வாழைக்கும் வெற்றிலைக்கும் உரியது. இலை வந்தது திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துக் கிணற்றுப் பாசன நிலங்களிலிருந்து. மழை குறைந்த அந்தப் பகுதியின் மண்ணிலும் சற்றே உப்புச்சுவை கொண்ட கிணற்று நீரிலும் கனமான, காரமான இலை விளைந்தது. அறுத்த செடியை வெயிலிலும் நிழலிலும் உலர்த்தி, குவியலாக அடுக்கிப் புழுங்க வைத்து, மீண்டும் மீண்டும் புரட்டிப் பாடம் செய்வார்கள். பாடம் செய்த இலை சிப்பங்களாகத் திருச்சிக்கு வரும். உறையூரில் அதை ஈரப்படுத்தி, நடுநரம்பை உரித்து, உள்ளே வைப்பதற்கும் மேலே சுற்றுவதற்கும் தனித்தனியாகப் பிரித்து, பலகைமேல் வைத்துக் கையால் உருட்டினார்கள். முனைகள் இரண்டும் வெட்டித் திறந்திருக்கும் என்பதே திருச்சிச் சுருட்டின் அடையாளம். ஒரு முனையை மூடி முடிக்கும் கியூபா சுருட்டைப் போல அது நறுக்கிப் பிடிக்க வேண்டியதன்று. எடுத்தவுடன் பற்ற வைக்கலாம். விலையும் மலிவு.

அதற்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டது பட்டாளம். 1751 முதல் 1754 வரை நடந்த திருச்சிராப்பள்ளி முற்றுகைகளின்போது ஆங்கிலேய, பிரெஞ்சு, மைசூர்ப் படைகள் நகரைச் சுற்றிப் பாளையமிட்டன. ராபர்ட் ஆர்ம் எழுதிய போர் வரலாற்றில் உறையூர்க் கோயில்கள் காவல் நிலைகளாக வருகின்றன. முற்றுகை ஓய்ந்த பிறகும் கிழக்கிந்தியக் கம்பெனி தன் துருப்புகளை அங்கிருந்து எடுக்கவில்லை. திருச்சி தென்னாட்டின் முக்கியமான படைநகராயிற்று, கண்டோன்மென்ட் என்ற பெயர் இன்றும் நகரின் ஒரு பகுதிக்கு இருக்கிறது. ஐரோப்பியச் சிப்பாய்க்கு ஓய்வுநேரத் துணையாக அங்கே மலிவாகக் கிடைத்தது இந்தச் சுருட்டு. இங்கிலாந்துக்குத் திரும்பிய அதிகாரிகள் பழக்கத்தைக் கூடவே கொண்டு போனார்கள், ஏற்றுமதி அவர்களைப் பின்தொடர்ந்தது. விக்டோரியா காலத்தில் ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் சுருட்டுகளுக்கு மேல் உற்பத்தியானதாகக் கணக்கு உண்டு.

லண்டன் வாசகருக்கு இதன் பெயர் எவ்வளவு பழகிப் போயிருந்தது என்பதை ஒரு துப்பறியும் கதை காட்டுகிறது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடித்து விடுகிறார். வின்ஸ்டன் சர்ச்சில் திருச்சிச் சுருட்டை விரும்பினார் என்ற பேச்சு உறையூரில் சொல்லிச் சொல்லிப் பழகியது. 1896 முதல் பெங்களூரில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தவருக்கு அது கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் பிடித்தவை பெரும்பாலும் கியூபா சுருட்டுகள் என்பதே வரலாறு. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனமும் பெரிய சுருட்டு ஆலை நடத்தியது. சர்ச்சில் பெருமைக்கு அந்த ஊரும் உரிமை கொண்டாடும். விளம்பரத்துக்கு இப்படியொரு வாடிக்கையாளர் கிடைத்தால் எந்த ஊர்தான் விட்டுக்கொடுக்கும்?

உள்ளூரில் சுருட்டின் வாழ்க்கை வேறு. ஆற்றுக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்து அக்ரகாரங்களில், மூக்குப்பொடியும் வெற்றிலைச் சீவலும் திண்ணைக்குத் தகுந்த பழக்கங்களாக ஏற்கப்பட்டன. சுருட்டுக்கு அந்த இடம் இல்லை. அது வண்டிக்காரருக்கும் உழவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் உரியதாகக் கருதப்பட்டது. கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் மதுரைவீரனுக்கும் சாராயத்தோடு சுருட்டைப் படையலில் வைப்பது ஊர்வழக்கம். கிராமத்து மூதாட்டிகள் சிலர் வெளிப்படையாகவே சுருட்டுப் பிடித்தார்கள். இளம்பெண் தொட்டால் ஊர் பேசும், வயதான பெண் பிடித்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. பெண்களிடம் மிகப் பரவலாக இருந்தது புகை அன்று, வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலை. பிற்கால ஆய்வுகளில் தமிழ்நாட்டுப் பெண்கள் எங்கே விடுபட்டுப் போனார்கள் என்பதற்கு இந்த வேறுபாடு முக்கியம்.

சுருட்டுப் புகைக்கும் சிகரெட் புகைக்கும் உள்ள வேதியியல் வேறுபாட்டையும் அந்த ஆய்வுகளுக்குப் போகுமுன் சொல்லிவிட வேண்டும். வெர்ஜீனியா இலையைச் சூடான காற்று செலுத்திய கொட்டகையில் விரைவாக உலர்த்தும்போது அதில் சர்க்கரைச் சத்து தங்கிவிடுகிறது. அதன் புகை அமிலத் தன்மை கொண்டது. அமிலப் புகையிலிருந்து நிகோடின் வாய்த்தோல் வழியாக உடலில் ஏறாது, நுரையீரல்வரை இழுத்தால்தான் ஏறும். திண்டுக்கல் இலையைப்போல மெல்ல உலர்த்திப் புழுங்க வைத்ததன் புகையோ காரத் தன்மை கொண்டது. அதிலுள்ள நிகோடினை வாயின் உட்தோலே உறிஞ்சிக்கொள்ளும். எனவே சுருட்டுப் பிடிப்பவர் புகையை ஆழமாக இழுப்பதில்லை, இழுத்தால் இருமல் வரும். கேடு நுரையீரலைவிட வாயிலும் நாக்கிலும் தொண்டையிலும் உணவுக்குழலிலும் முதலில் காட்டுவது இதனால்தான். சிகரெட்டை ஆராய்ந்து வந்த முடிவுகளைச் சுருட்டுக்கு அப்படியே பொருத்த முடியாததற்கும் இதுவே காரணம்.

வாய்ப்புற்றை மருத்துவர்கள் முன்கூட்டியே கவனித்த இடங்களில் சென்னை மாகாணமும் ஒன்று. சென்னையில் பணியாற்றிய நிப்லாக் 1902இல் இந்தியாவில் காணும் புற்றுநோய் பற்றி எழுதிய கட்டுரையில், கன்னத்தில் வரும் புற்றை வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பழக்கத்தோடு தொடர்புபடுத்தினார். 1933இல் ஓர் என்ற மருத்துவர் திருவிதாங்கூரின் நெய்யூர் மருத்துவமனை நோயாளிகளைக் கொண்டு அதே தொடர்பை 'லான்செட்' இதழில் எழுதினார். சுருட்டுக்கு நேராக வந்த சான்று மாகாணத்தின் வடகோடியிலிருந்து கிடைத்தது. விசாகப்பட்டினம் கடலோரத்தில் பெண்கள் நாட்டுச் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள். கைவேலையின்போது சாம்பல் விழாது, காற்றில் அணையாது என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். அந்த வெப்பம் நேராக மேலண்ணத்தில் படும். உலகில் அரிதாகக் காணும் மேலண்ணப் புற்று அந்தக் கரையில் மட்டும் ஏன் இத்தனை என்ற கேள்வியை 1937இல் கினியும் சுப்பா ராவும் தங்கள் கட்டுரையில் எழுப்பினார்கள். 1971இல் டென்மார்க்கின் பிண்ட்போர்க்கும் இந்திய ஆய்வாளர்களும் அப்பகுதியின் 10,169 கிராமத்தாரின் வாயைச் சோதித்து வெளியிட்ட அறிக்கை அதற்கு விடையாக அமைந்தது. எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பவரில் பெண்கள் மிகுந்திருந்த அபூர்வமான ஆய்வு அது.

இந்த மருத்துவர்கள் எல்லோரும் நோயாளியிலிருந்து பழக்கத்துக்குப் போனவர்கள். மருத்துவமனைக்கு வந்தவரைப் பார்த்து, என்ன மென்றார், என்ன பிடித்தார் என்று கேட்டார்கள். வராதவரைப் பற்றி அவர்களால் எதுவும் சொல்ல முடியாது. புகைப்பவர் நூறு பேரில் எத்தனை பேர் எந்த வயதில் இறக்கிறார்கள் என்பதை அறிய வேறு வழி வேண்டும். புகைப்பவரையும் புகைக்காதவரையும் நலமாக இருக்கும்போதே பெயர் எழுதிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். அதற்கு ஒரு பெயர்ப் பட்டியல் தேவை. சுருட்டுத் தொழிலில் பட்டியல் இருந்தது இலைக்கு. இரண்டாம் உலகப்போரின் செலவுக்காக 1943இல் புகையிலைமீது மத்திய கலால் வரி விதிக்கப்பட்டபின் விளைந்த இலை, கிடங்கில் இருக்கும் இலை, சுருட்டான இலை என எல்லாம் ஏட்டில் ஏறின. 1947இல் ராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1948இல் சுருட்டுப் புகையிலைக்கென்றே வேடசந்தூரில் அதன் கிளை அமைந்தது. எந்த விதை, எவ்வளவு உரம், எந்த நோய் என்று செடியின் உடல்நலம் முறையாக ஆராயப்பட்டது. அதைப் பிடிப்பவரின் உடல்நலத்துக்கு அந்தப் பகுதியில் அப்படியொரு நிலையம் அப்போது இல்லை.

பெயர்ப் பட்டியல் கையில் இருந்த நாடுகளில் கணக்கு வேகமாக நடந்தது. பிரிட்டனின் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இல் வெளியிட்ட முதல் கட்டுரை மருத்துவமனை நோயாளிகளைக் கொண்டதுதான். அதில் நுரையீரல் புற்று கண்ட ஆண்கள் 649 பேர், பெண்கள் 60 பேர் மட்டுமே. ஆய்வு நடக்கும்போதே டால் புகைப்பதை விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு இருவரும் நாட்டின் மருத்துவர் பதிவேட்டை எடுத்து, அதிலிருந்த எல்லோருக்கும் ஒரு சிறிய வினாத்தாளை அஞ்சலில் அனுப்பினார்கள். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். மருத்துவர் இறந்தால் பதிவேட்டில் பெயர் அடிபடும் என்பதால் பின்தொடர்வது எளிதாக இருந்தது. 34,439 ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்த முடிவு 2004இல் வந்தது. வாழ்நாள் முழுவதும் சிகரெட் பிடித்தவர் ஏறக்குறைய பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார், முப்பது வயதில் விட்டவர் அந்தப் பத்தையும் மீட்கிறார், அறுபதில் விட்டாலும் மூன்று ஆண்டு திரும்பக் கிடைக்கிறது.

அமெரிக்காவில் அந்தப் பட்டியல் முன்னாள் படைவீரருடையது. முதல் உலகப்போர்க் காலத்தில் படையில் இருந்தவர்களுக்கு அரசு ஆயுள் காப்பீடு வழங்கியிருந்தது. அந்தக் காப்பீட்டை வைத்திருந்த ஏறத்தாழ 2,90,000 பேருக்கு ஹரால்டு டார்ன் 1954இலும் பதில் வராதவர்களுக்கு 1957இலும் வினாத்தாள் அனுப்பினார். இரண்டரை லட்சத்தை நெருங்கும் பதில்கள் வந்தன. காப்பீட்டுத் தொகையைக் கேட்டுக் குடும்பத்தார் வரும்போது இறப்பின் காரணமும் தானாகவே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. புகையிலை ஆய்வில் படைவீரர் முக்கிய இடம் பிடித்ததற்கு அவர்கள் பெயர் ஏட்டில் இருந்தது ஒரு காரணம். பழக்கத்தையே அவர்களிடம் படை ஊன்றியது மற்றொன்று. இரண்டு உலகப்போர்களிலும் சிகரெட் உணவோடு சேர்ந்த படியாக வழங்கப்பட்டது. அமெரிக்கப் படை தன் களஉணவுப் பொட்டலத்திலிருந்து அதை எடுத்தது 1975இல்தான். பதுங்குகுழியில் சில நிமிடத்தில் முடிந்துவிடும் சிகரெட் சிப்பாய்க்கு வசதியானது, உட்கார்ந்து பிடிக்க வேண்டிய சுருட்டு அந்தப் போட்டியில் தோற்றது. பட்டாளத்தால் வளர்ந்த உறையூர்த் தொழிலின் சந்தை பட்டாளத்தின் பழக்கம் மாறியதோடு குறையத் தொடங்கியது.

டார்ன் ஆய்வின் தனிச்சிறப்பு சிகரெட், சுருட்டு, பைப் மூன்றையும் பிரித்துக் கேட்டது. சுருட்டு மட்டும் பிடித்த படைவீரரின் இறப்பு விகிதம் சிகரெட் பிடித்தவரைவிட மிகக் குறைவாக இருந்தது, புகைக்காதவரைவிடச் சற்றே கூடுதல். 1964 ஜனவரியில் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை வந்தபோது இந்த வேறுபாடும் அதில் இடம்பெற்றது. சுருட்டு வணிகர் அதைச் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். அது அவசர முடிவு. அந்தக் கணக்கு புகையை உள்ளிழுக்காத, நாளுக்குச் சிலவே பிடிக்கும் அமெரிக்கரைப் பற்றியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் சுருட்டுக்கென்றே தனி அறிக்கை வெளியிட்டபோது வாய், குரல்வளை, உணவுக்குழல், நுரையீரல் ஆகியவற்றில் புற்று வருவதற்குச் சுருட்டு காரணம் என்று உறுதியாகச் சொல்லியது. முதல் அறிக்கைக்கும் இதற்கும் நடுவே முப்பத்துநான்கு ஆண்டு போய்விட்டது.

பெண்களின் கணக்கு இன்னும் தாமதம். டாலும் ஹில்லும் நடத்திய மருத்துவர் ஆய்வில் சேர்ந்த பெண்கள் 6,194 பேர்தான், அவர்களைப் பற்றிய முடிவு 1980இல்தான் தனியாக வெளிவந்தது. மேலைநாட்டுப் பெண்கள் பெருமளவில் சிகரெட் பிடிக்கத் தொடங்கியது ஆண்களுக்குப் பிறகுதான். பழக்கம் தொடங்கி இறப்பு தெரிய முப்பது நாற்பது ஆண்டு ஆகும் என்பதால், இடைக்காலத்தில் பெண்ணுடல் இதைத் தாங்கும் என்ற தவறான எண்ணம் மருத்துவரிடமே இருந்தது. 1976இல் அமெரிக்காவில் 1,21,700 செவிலியரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு கருத்தடை மாத்திரையை ஆராய வந்தது, ஆனால் புகைக்கும் பெண்களின் இதயநோய் பற்றிய பெரிய சான்றாக முடிந்தது. பிரிட்டனில் பதின்மூன்று லட்சம் பெண்களைத் தொடர்ந்த ஆய்வு 2012இல் பெண்களும் பத்து ஆண்டுக்குக் குறையாமல் இழக்கிறார்கள் என்று காட்டியது. கணவர் புகைக்க மனைவி புகைக்காத தமிழ்நாட்டு வீடுகளின் நிலைக்கு மிக நெருக்கமான ஆய்வு ஜப்பானுடையது. புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டு பின்தொடர்ந்த ஹிராயாமா, கணவர் அதிகம் புகைத்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்று கூடுவதை 1981இல் வெளியிட்டார். தான் பற்ற வைக்காத புகையால் ஒருவர் இறக்கலாம் என்பதற்கு அதுவே முதல் பெரிய சான்று.

சென்னையில் தொடர்ச்சியான ஆய்வு தொடங்க ஒரு நிறுவனம் தேவைப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் அமைந்தது. அங்கே சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றின் காரணங்கள் பற்றி 1959இல் பிரிட்டன் இதழில் எழுதினார்கள். மெல்லுதலையும் புகைத்தலையும் தனித்தனியே பிரித்து நோக்கிய ஆரம்பகாலத் தமிழ்நாட்டு ஆய்வு அது. 1980களின் தொடக்கத்தில் அதே நிலையத்தில் சென்னை நகரப் புற்றுநோய்ப் பதிவகம் செயல்படத் தொடங்கியபின், நகரில் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு எந்தப் புற்று என்பது முதன்முறையாகத் தெரிந்தது.

புகைத்தவரின் இறப்புக் கணக்குக்கு வேண்டிய பட்டியல் கடைசியில் கிடைத்தது மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில். படைவீரரின் காப்பீடும் மருத்துவரின் பதிவெண்ணும் இல்லாத நாட்டில் எல்லோரும் ஏறும் ஒரே ஏடு அதுதான். வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் பிறரும் 1990களில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளுக்குக் களப்பணியாளரை அனுப்பினார்கள். இறந்தவர் புகைத்தாரா, எப்படிப்பட்ட நோயில் படுத்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதினார்கள். உயிரோடிருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003இல் 'லான்செட்' வெளியிட்ட முடிவு ஆய்வாளர்களுக்கே எதிர்பாராதது. மேலைநாட்டில் புகை கொல்வது நுரையீரல் புற்றாலும் இதயநோயாலும். இங்கே அவற்றோடு காசநோயும் முன்னால் நின்றது. புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவரைவிட நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் ஆண்களின் காசநோய் இறப்பில் பாதிக்குப் புகையே காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். முந்தைய ஆண்டில் வெளிவந்த, திருவள்ளூர்ப் பகுதியில் கோலப்பனும் கோபியும் நடத்திய ஆய்வு, புகைப்பவருக்குக் காசநோய் பிடிக்கும் வாய்ப்பே இரண்டு மடங்குக்கு மேல் என்று காட்டியிருந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளும் ஆண்களைப் பற்றியவை. தமிழ்நாட்டில் புகைக்கும் பெண்கள் மிகச் சிலர் என்பதால் பெண்களைச் சேர்த்தால் கணக்கு வராது என்பது புள்ளியியல் நோக்கில் சரியான காரணம். ஆனால் காசநோய் ஒருவரிடமிருந்து வீட்டாருக்குப் பரவும் நோய். புகைக்கும் கணவரின் காசம் புகைக்காத மனைவியையும் பிள்ளையையும் தொடும். அந்த இழப்பு இந்தப் பட்டியல் எதிலும் ஏறவில்லை. பெண்களையும் சேர்த்த பெரிய இந்திய ஆய்வு 2008இல் வந்தது. நாடு முழுவதும் பதினொரு லட்சம் வீடுகளைக் கொண்ட மாதிரியில் இறந்த 33,000 பெண்களையும் 41,000 ஆண்களையும் பிரபாத் ஜாவும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். பீடி பிடிக்கும் ஆண் சுமார் ஆறு ஆண்டும், பெண் சுமார் எட்டு ஆண்டும் இழப்பதாகக் கணக்கு சொன்னது. குறைவாகப் பிடிப்பவர் பெண் என்ற நினைப்பை வைத்துக்கொண்டு இந்த எட்டைப் படிப்பவருக்கு வியப்பாக இருக்கும்.

சுருட்டைப் பிடித்தவர் ஒருபுறம் இருக்க, உருட்டியவரின் நிலை சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் புரியும். 1966இல் வந்த பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வேலை நேரம், காற்றோட்டம், பெண்களின் பேறுகால உரிமை ஆகியவற்றை இரண்டு தொழிலுக்கும் சேர்த்தே வகுத்தது. பத்து ஆண்டு கழித்து 1976இல் வந்த நலநிதிச் சட்டம் பீடித் தொழிலாளருக்கு மட்டுமானது. பீடிமீது விதிக்கும் தீர்வையிலிருந்து மருத்துவமனை, காசநோய்ச் சிகிச்சை, பிள்ளைகளுக்கு உதவித்தொகை எல்லாம் வந்தன. நெல்லைப் பக்கத்து முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென மத்திய அரசு மருத்துவமனையே இருக்கிறது. எண்ணிக்கையில் சிறியதான சுருட்டுத் தொழில் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

உருட்டுபவர் உடலில் என்ன நடக்கிறது என்பதற்கும் சான்று பீடித் தொழிலிலிருந்தே கிடைக்கிறது. மும்பையின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ரஜனி பீசேயும் உடனிருந்தோரும் பீடி சுற்றும் பெண்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். புகைக்காத பெண்களிடமும் நிகோடின் உடலில் ஏறியதன் தடயமும், மரபணுவைச் சிதைக்கும் பொருள்களும் சாதாரணத்தைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. புகையிலையைக் கையாளும் விரல்தோல் வழியாகவும், அதன் தூள் மூச்சு வழியாகவும் ஏறுகிறது என்பது விளக்கம். குஜராத்தின் புகையிலை வயல்களில் அறுவடைக்காலத்தில் தொழிலாளருக்கு வரும் தலைச்சுற்றலும் வாந்தியும் இதே வழியாக வருபவைதான். உறையூரில் ஈரப்படுத்திய இலையை நாள் முழுவதும் உரித்து உருட்டிய கைகளுக்கு இந்த வேதியியல் மாறுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

புகையிலை வணிகம் திருச்சிக்குக் கொடுத்தது நோய் மட்டும் என்று எழுதினால் அதுவும் ஒருபக்கக் கணக்காகிவிடும். கைத்தறி நலிந்த காலங்களில் பல குடும்பங்களுக்கு அது கஞ்சி வார்த்தது. முத்தமிழ்க் காவலர் எனப்பட்ட கி.ஆ.பெ. விசுவநாதம் திருச்சியின் புகையிலை வணிகர். தமிழியக்கத்துக்கும் இந்தி எதிர்ப்புக்கும் அவர் செலவிட்ட பொருள் அந்த வணிகத்தில் ஈட்டியது. சித்த மருத்துவத்திலும் ஈடுபாடு கொண்டவர். 1990களின் இறுதியில் திருச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அவர் பெயரே அதற்கு இடப்பட்டது. சுற்றுவட்ட மாவட்டங்களின் வாய்ப்புற்று நோயாளிகளும் காசநோயாளிகளும் இன்று வந்து சேர்வது அந்தக் கல்லூரியோடு இணைந்த அரசு மருத்துவமனைக்குத்தான்.

இலை விளைந்த திண்டுக்கல் பகுதி பெண்களின் உடல்நல ஆய்வில் பிற்காலத்தில் உலக அளவில் பேசப்பட்டது. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல நிலையம் கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவகம் ஒன்றை நடத்தியது. அந்தப் பதிவகம் இருந்ததால் 2000இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அங்கே பெரிய சோதனை ஒன்றைத் தொடங்க முடிந்தது. மாவட்டத்தின் கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயதுவரையான பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறுங்கண்ணால் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியரே செய்தார்கள், ஆய்வகம் எதுவும் தேவைப்படவில்லை. 2007இல் வந்த முடிவில் சோதனை நடந்த தொகுதிகளில் கருப்பை வாய்ப் புற்று 25 சதவீதமும் அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. கருப்பை வாய்ப் புற்றுக்குத் துணைக் காரணங்களில் புகைத்தலும் ஒன்று என்று அந்த முகமை 2004இல் ஏற்றிருந்தது. வேடசந்தூரில் இலைக்கு நிலையம் அமைந்து அரை நூற்றாண்டு கழித்து, அதே மாவட்டத்துப் பெண்கள் ஏட்டில் ஏறினார்கள்.

சட்டங்கள் தனியாக நகர்ந்தன. 2001இல் தமிழ்நாடு குட்கா வகைகளைத் தடை செய்தது, 2004இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது நிற்கவில்லை, 2013இல் மீண்டும் தடை வந்தது. 2003இன் மத்தியப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடப் புகைத்தடையும், 2016 ஏப்ரல் முதல் பொட்டலத்தின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படமும் சிகரெட்டுக்கும் பீடிக்கும் சுருட்டுக்கும் பொதுவானவை. பெட்டிக்கடையில் சுருட்டை ஒற்றையாக வாங்குபவர் கண்ணில் அந்தப் படம் படுவது அரிது.

உறையூரில் சுருட்டு இன்னும் முற்றாக நின்றுவிடவில்லை. சில இடங்களில் மட்டும் கையால் உருட்டுகிறார்கள். வாங்குபவரில் வயதானவர்கள், பெயர் கேட்டுத் தேடிவரும் வெளியூரார், காவல் தெய்வத்துக்குப் படைக்க வருபவர்கள் என்று பல வகை உண்டு. 2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 14.2 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை கொள்பவர்கள் என்று தெரிந்தது. புகைப்பவர் 2 சதவீதம், மெல்பவரும் பொடி போடுபவரும் 12.8 சதவீதம். சுருட்டுக்கு அந்தக் கணக்கெடுப்பில் தனி வரிசை இருக்கிறது. அதில் விழும் எண் ஒரு சதவீதத்துக்கும் கீழே. மாதிரி மாநில அளவில் எடுக்கப்படுவதால் திருச்சிக்கோ திண்டுக்கல்லுக்கோ தனியாக எதையும் அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.